சன்பேக் போர்டு கிழியாமல் நிற்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் தகர போர்டு துருப்பிடிப்பது பற்றி எழுதும்போது, போகிற போக்கில் ஒரு வரியில் சன்பேக் போர்டைத் தொட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். அதனால் இந்த முறை முழுக்க அதுவே.

பெயர் தெரியாவிட்டாலும் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தகடு, நடுவில் வரிசையாகக் குட்டிக் குட்டிச் சுவர்கள், வெட்டுவாயைப் பார்த்தால் அட்டைப்பெட்டி மாதிரி குழாய் குழாயாகத் தெரியும். பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். தண்ணீரில் போட்டால் மிதக்கும். 2, 3, 4, 5 மி.மீ. கனங்களில் வரும், பெரிய தாள் 8க்கு 4 அடி. அந்தக் குழாய் ஓடும் திசையைப் போர்டு தொழிலில் இருக்கிற நாங்கள் வரி என்போம். கீழே அடிக்கடி வரி, வரி என்று வரும், அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறேன். 3க்கு 2 அடியில் சன்பேக் போர்டு அடித்து, முன்பக்க கிரில்லில் நாலு மூலையிலும் ஓட்டை போட்டுக் கட்டுக்கம்பியால் கட்டினேன். ஆடி பிறந்து பத்தே நாளில் மேல் மூலை இரண்டும் பிய்ந்துவிட்டது. இன்னொரு போர்டு அடித்தேன், அதற்கும் அதே கதி. எடையே இல்லாத அட்டை, ஏன் அண்ணா நிற்க மாட்டேன் என்கிறது?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: எடை இல்லாததைப் பார்த்துத்தான் எல்லாரும் ஏமாறுகிறோம் சகோதரி. 4 மி.மீ. தாள் சதுர மீட்டருக்கு 700 கிராம் அளவில் வரும், உங்கள் போர்டு 400 கிராம்கூடத் தேறாது. அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு நூல் போதும். ஆனால் காற்று அடிக்கும்போது நடப்பது வேறு. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் காற்று நேராக வந்து மோதினால் உங்கள் 3க்கு 2 போர்டின்மேல் சுமார் 4 கிலோ அழுத்தும். 60 கி.மீ. என்றால் 9 கிலோவுக்கு மேல். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்காகும், அதுதான் கணக்கு. அந்த 9 கிலோவும் ஒரே சீராக அழுத்தினால்கூடப் பரவாயில்லை, பட் பட் என்று நிமிடத்துக்கு எத்தனையோ தடவை இழுத்து விடுகிறது. அத்தனையையும் நாலு ஓட்டையில், ஒரு மி.மீ. கனம்கூட இல்லாத கம்பியின்மேல் நிறுத்தியிருக்கிறீர்கள். கம்பி என்ன செய்யும், கத்தி மாதிரி அறுக்கும்.

பிய்ந்த மூலையைத் தூக்கிப் போடவில்லை என்றால் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓட்டை வட்டமாக இருக்காது, கம்பி இழுத்த பக்கமாக நீண்டிருக்கும். அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் வெளுத்துப்போய், நகத்தில் விழும் வெள்ளைப்புள்ளி மாதிரி ஒரு தழும்பு இருக்கும். அந்த வெளுப்பு கிழிவதற்கு முன்பே வந்துவிடும். போர்டு மாட்டியிருப்பவர்கள் மாதத்துக்கு ஒருமுறை ஓட்டைகளைப் பாருங்கள், வெளுத்திருந்தால் அந்த மூலை சீக்கிரம் போகப்போகிறது என்று அர்த்தம், அப்போதே வேறு இடத்தில் ஓட்டை போட்டுக் கட்டிவிடலாம்.

இனி புது போர்டுக்கு வருவோம். முதலில் ஓட்டை. விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலமாவது உள்ளே தள்ளிப் போடுங்கள். கத்தரிக்கோலையோ கத்தியையோ குத்தித் திருகாதீர்கள், அது பெருக்கல் குறி மாதிரிக் கீறல் விடும், கிழிசல் அந்தக் கீறலின் நுனியிலிருந்துதான் கிளம்புகிறது. சால்டரிங் அயர்ன் இருந்தால் அதன் நுனியை, இல்லையென்றால் இடுக்கியில் பிடித்துச் சூடேற்றிய ஆணியை, மெதுவாக உள்ளே விட்டு எடுங்கள். ஓரம் உருகி இரண்டு தகடும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு சின்ன வளையம் மாதிரி நிற்கும், கையால் தடவினாலே தெரியும். புகையை முகர வேண்டாம், வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

அப்புறம் ஒட்டுத்துண்டு. இது என் கடையில் நாங்கள் தவறாமல் செய்வது, செலவே இல்லை. மிச்சமான சன்பேக்கில் இரண்டு அங்குலச் சதுரமாகத் துண்டுகள் வெட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஓட்டைக்கும் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று வைத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டை போட்டுக் கட்டுங்கள். துண்டின் வரி போர்டின் வரிக்குக் குறுக்காக இருக்க வேண்டும். இந்தத் தாள் வரி ஓடும் திசையில் சுலபமாகக் கிழியும், குறுக்கே அவ்வளவு சுலபமில்லை, குறுக்காக வைத்தால் ஒன்றின் பலவீனத்தை இன்னொன்று தாங்கிக்கொள்ளும். முன்பக்கம் துண்டு தெரிவது பிடிக்கவில்லை என்றால் தண்ணீர் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு வாஷராக வைக்கலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

கட்டுவதற்குக் கட்டுக்கம்பி வேண்டாம். எலக்ட்ரிகல் கடையில் டேக் என்று கேட்டால் தரும் பிளாஸ்டிக் பட்டை போதும், 4.8 மி.மீ. அகலமுள்ளதாக, கறுப்பாக வாங்குங்கள். வெள்ளை டேக் வெயிலில் சீக்கிரம் முறுமுறுவென்று ஆகி ஒடிந்துவிடும். நாலு மூலை போதாது, மேலே மூன்று கீழே மூன்று என்று ஆறு இடமாவது கட்டுங்கள். இறுக்கும்போது போர்டு கிரில்லோடு ஆடாமல் ஒட்டி நிற்க வேண்டும், ஆனால் குழாய்கள் நசுங்குகிற அளவுக்குப் போகக் கூடாது. ஆடுகிற போர்டுதான் கிழிகிறது, கிரில்லில் சாய்ந்து நிற்கும் போர்டு கிழிவதில்லை. ஆடியில் நம் பக்கம் காற்று மேற்கிலிருந்து வரும். உங்கள் வாசல் மேற்கே பார்த்தது என்றால் போர்டைக் கிரில்லுக்கு வெளிப்பக்கம் கட்டுங்கள், காற்றே அதைக் கிரில்லோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: மளிகைக்கடையைப் பெரிதாக்கி, வாடிக்கையாளர்களே எடுத்துக்கொள்கிற மாதிரி அலமாரி வரிசைகளாக மாற்றியிருக்கிறோம். அரிசி–பருப்பு, மசாலா, சோப்பு என்று 2க்கு 1 அடியில் போர்டுகள் அடித்துக் கூரையிலிருந்து நூலில் தொங்கவிட்டால், சில போர்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது, சில போர்டு நடுவில் தொய்ந்து வில் மாதிரி வளைகிறது. உள்ளே காற்றே இல்லையே, ஏன்?
– மளிகைக்கடைக்காரர், விருதுநகர்

பதில்: சுற்றுவதற்குக் காரணம் இரண்டு நூலையும் மேலே ஒரே ஆணியில் கொண்டுபோய் முடிந்திருப்பீர்கள். ஒற்றைப் புள்ளியில் தொங்குவது எதுவும் சுற்றும், அதற்கு மின்விசிறி காற்று போதும், ஆள் நடந்துபோகிற காற்றுகூடப் போதும். போர்டின் இரண்டு முனையிலிருந்தும் நூல் தனித்தனியாக, நேராக மேலே போய் இரண்டு தனிப் புள்ளிகளில் முடிய வேண்டும். அவ்வளவுதான், சுற்றுவது நின்றுவிடும்.

வளைவதற்குக் காரணம் வரி. உங்கள் போர்டில் வரி மேலிருந்து கீழாக ஓடுகிறது என்று நினைக்கிறேன், பிரிண்ட் அடிப்பவர் தாளில் இடம் மிச்சம் பிடிக்கத் திருப்பிப் போட்டு வெட்டியிருப்பார். சன்பேக் வரிக்கு இணையாகச் சுலபமாக மடியும், வரியை உடைத்துக்கொண்டு மடியாது. ஆகவே கூரையில் தொங்கும் அகலமான போர்டுக்கு வரி இடமிருந்து வலமாகப் படுக்கையாக ஓட வேண்டும். அடுத்த முறை ஆர்டர் கொடுக்கும்போது "வரி படுக்கையா இருக்கணும்" என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

வரி படுக்கையாக இருந்தால் இன்னொரு வசதி, ஓட்டையே போட வேண்டாம். 12 கேஜ் ஜி.ஐ. கம்பி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி, ஹார்டுவேர் கடையில் எடைக்குக் கிடைக்கும், கனம் இரண்டரை மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. போர்டின் அகலத்தைவிட மூன்று அங்குலம் கூடுதலாக வெட்டி, தரையில் உருட்டி நேராக்கி, 4 மி.மீ. தாளின் மேலிருந்து இரண்டாவது குழாயில் விட்டால் சர்ரென்று போய் மறுபக்கம் வரும். இரண்டு நுனியையும் மேல்நோக்கிக் கொக்கியாக வளைத்து அதில் நூலை மாட்டுங்கள். போர்டின் எடை முழுக்கக் கம்பியின்மேல் பரவி உட்கார்ந்துவிடும், கிழிவதற்கு ஓட்டையே இல்லை. கீழ்க் குழாயிலும் ஒரு கம்பியை விட்டு நுனியை விளிம்போடு வெட்டிவிட்டால் போர்டுக்கு அடியில் கொஞ்சம் கனம் சேர்ந்து ஆட்டம் குறையும். நான் முதன்முதலில் இதைச் செய்தது உடைந்த சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பிகளை வைத்துத்தான், 1 அடிக்குள் உள்ள சின்ன விலை அட்டைகளுக்கு இன்றைக்கும் அதுவே போதும், ஒரு முனையில் வளைவுகூடத் தயாராக இருக்கும்.

இப்போது கையில் இருக்கும் போர்டுகளை வீணாக்க வேண்டாம். வயரிங் செய்கிறவர்கள் சுவரில் அடிக்கும் கேசிங் பட்டை இருக்கிறதே, அதை அகலத்துக்கு வெட்டி மேல் விளிம்பில் தொப்பி மாதிரிப் போட்டு, இரண்டு இடத்தில் ஊடுருவ ஸ்க்ரூ அடித்துவிடுங்கள். தொய்வு நிமிர்ந்துவிடும்.

நூலுக்குப் பதில் தூண்டில் நரம்பு வாங்குங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் போர்டு அந்தரத்தில் நிற்பது மாதிரி இருக்கும். ஆனால் நரம்பு வழுக்கும், சாதாரண முடிச்சு தானாக அவிழும். கொக்கியில் இரண்டு சுற்றுச் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டு, மிச்ச நுனியை அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். கட்டம் கட்டமான ஃபால்ஸ் சீலிங் என்றால் அந்த அலுமினியச் சட்டத்தில்தான் கொக்கி மாட்ட வேண்டும், நடுவில் இருக்கும் பலகையில் அல்ல. தீயணைப்புத் தண்ணீர்க் குழாய், மின்வயர், ஏசி காற்று வரும் வாய், இந்த மூன்றின் பக்கமும் போகாதீர்கள். போர்டின் அடி தரையிலிருந்து 7 அடிக்குக் கீழே வரவேண்டாம், தலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் நம் கடைக்குத்தானே வருகிறார்கள்.

கேள்வி: வாடகை வீட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஹவுஸ் ஓனர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சின்ன சன்பேக் போர்டை டபுள் சைடு டேப்பில் ஒட்டினேன், மூன்றாம் நாள் விழுந்துவிட்டது. வேறு நல்ல பசை சொல்லுங்கள்.
– தையல் கலைஞர், திண்டுக்கல்

பதில்: பசையைத் தேடி அலைய வேண்டாம் அம்மா. இந்தப் பிளாஸ்டிக்கின் குணமே எதையும் சுலபத்தில் ஒட்டவிடாதது. பசை விற்கிற டப்பாக்களையே இந்த வகைப் பிளாஸ்டிக்கில்தான் செய்கிறார்கள், உள்ளே இருக்கும் பசை டப்பாவோடு ஒட்டிக்கொள்ளக் கூடாதல்லவா. இங்க் பிடிப்பதற்காகத் தாளின் மேற்பரப்பைத் தொழிற்சாலையில் மின்சாரத்தால் பதப்படுத்தி அனுப்புவார்கள், அதனால் புதுத் தாளில் டேப் முதலில் நன்றாக ஒட்டிய மாதிரி இருக்கும், பிறகு உரிந்து வரும். இந்தப் பிளாஸ்டிக்குக்கு என்றே தனியாகச் செய்த டேப்கள் உண்டு, விலை கூடுதல், சின்ன ஊர்க் கடைகளில் தேட வேண்டியிருக்கும்.

டேப்பின் மறுபக்கத்தையும் பாருங்கள். விழுந்த போர்டின் பின்னால் டேப்பில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால் குற்றம் சுவருடையது. சுண்ணாம்பும் மலிவான டிஸ்டெம்பரும் அடித்த சுவரில் எந்த டேப்பும் நிற்காது, சுவரின் தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும், ஹவுஸ் ஓனருக்கு அது ஆணியைவிடக் கோபம் வரவைக்கும்.

ஆகவே சுவரை விட்டுவிடுங்கள். ஜன்னல் கம்பி இருக்கிறது, கதவு நிலைக்கு மேலே திரைச்சீலைக் கம்பி இருக்கிறது, ரோலிங் ஷட்டருக்கு மேல் கிரில் இருக்கலாம். இவற்றில் ஏதாவது ஒன்றில் எஸ் கொக்கி மாட்டி, மேலே மளிகைக்கடைக்காரருக்குச் சொன்ன மாதிரி குழாயில் கம்பி விட்டுத் தொங்கவிடலாம். நீங்கள் தையல்காரர், கம்பிக்குப் பதில் நல்ல நாடாவை ஒரு ஊசிக்கம்பியில் கோத்து மேல் குழாயில் இழுத்துக் கட்டினால் படத்துக்குக் கட்டுகிற மாதிரி அழகாகவே இருக்கும், உங்கள் தொழிலுக்கும் அது பொருத்தம். கண்ணாடிக் கதவு என்றால் ரப்பர் உறிஞ்சிக் கொக்கி நன்றாகப் பிடிக்கும், கண்ணாடியைத் துடைத்து லேசாக ஈரம் வைத்து அழுத்துங்கள், வாரம் ஒருமுறை மறுபடி அழுத்திவிடுங்கள். டைல்ஸ் ஒட்டிய சுவர் இருந்தால் ஒட்டுக்கொக்கியை டைல்ஸில் ஒட்டி, போர்டைக் கொக்கியில் மாட்டுங்கள். பசை டைல்ஸோடு ஒட்டட்டும், போர்டோடு ஒட்ட வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு மெயின் ரோட்டிலிருந்து வழிகாட்டி போர்டு இருபது வைக்க இளைஞர்கள் நாங்கள் பொறுப்பு எடுத்திருக்கிறோம். அம்புக்குறி போட்ட 2க்கு ஒன்றரை அடி சன்பேக். புளியமரத்திலும் கரண்ட் கம்பத்திலும் அடித்துவிடலாம் என்கிறார்கள். எத்தனை ஆணி அடித்தால் நிற்கும் சார்?
– இளைஞர் குழு, பட்டுக்கோட்டை பக்கம்

பதில்: தம்பி, ஒரு ஆணியும் வேண்டாம். கரண்ட் கம்பத்தைப் பற்றி முதலில். இருபது போர்டு கட்டப் போகிறவர்கள் அவசரத்தில் இருப்பீர்கள், கையில் கம்பி இருக்கும், ஏணியில் ஒருவர் நிற்பார். கட்டுக்கம்பியின் நீண்ட வால் காற்றில் ஆடி மேலே ஒரு லைனைத் தொட்டால் போதும். இரும்புக் கம்பத்தில் மின்கசிவு இருந்தால் கையை வைத்ததுமே முடிந்துவிடும். எந்தத் திருவிழாவுக்கும் அந்த விலை கூடாது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் இறந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். போர்டு தொழிலில் இருக்கிற எங்களுக்கு அது இன்னும் ஆறவில்லை. அந்தப் பேனர் பெரியது, உங்களுடையது சின்னது, சரி. ஆனாலும் பறந்துவந்து பைக்கில் வருகிறவர் முகத்தில் அறைந்தால் சின்ன போர்டும் போதும்.

மரத்துக்கு வலிக்கிறது என்று சொன்னால் சிலருக்குப் புரிவதில்லை, இப்படிச் சொல்கிறேன்: மரத்தின் சாப்பாடு பட்டைக்கு அடியிலேயே ஓடுகிறது, ஆணி நேராக அதில்தான் இறங்குகிறது. துருப்பிடித்த ஆணி ஓட்டையில் தண்ணீரும் பூஞ்சையும் புகுந்து உள்ளே அழுகும். உங்கள் தாத்தா காலத்துப் புளியமரம் அது. பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள், அதையும் நினைவில் வையுங்கள். ரோட்டோரம் வைப்பதற்கு உள்ளாட்சியில் அனுமதி கேளுங்கள். தனியார் நிலத்தின் ஓரம் என்றால் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் கோயில் காரியத்துக்கு மறுக்க மாட்டார்.

உங்கள் பக்கம் சவுக்குக் கம்புக்குப் பஞ்சமில்லை. ஆறரை, ஏழு அடிக் கம்பு, கைக்கு அடங்குகிற கனம், ஒன்றரை அடி ஆழம் கடப்பாரையால் குழி போட்டு நட்டு, மண்ணைத் தள்ளித் தண்ணீர் ஊற்றிக் குத்தி இறுக்குங்கள். ஒரு போர்டுக்கு ஒரு கம்பு போதும், ஆனால் வரி கட்டாயம் படுக்கையாக இருக்க வேண்டும். வரி நெட்டுக்குத்தாக இருந்தால் காற்று அடிக்கும்போது கம்பின் இரண்டு பக்கமும் போர்டு புத்தகம் மூடுகிற மாதிரி மடங்கிவிடும், அம்புக்குறி யாருக்கும் தெரியாது.

கம்புக்கும் ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுக்கும் நடுவில் போர்டை வைத்துக் கடிக்கவிடுங்கள். அதாவது பின்னால் கம்பு, நடுவில் போர்டு, முன்னால் போர்டு உயரத்துக்கு ஒன்றரை அடி ரீப்பர், அதன்மேல் மூன்று ஸ்க்ரூ. ஆணி வேண்டாம் என்பது இங்கேயும்தான், ஆட்டத்தில் ஆணி பின்வாங்கும், ஸ்க்ரூ வராது. இப்போது காற்றின் இழுப்பு ஒன்றரை அடி நீளத்துக்குப் பரவிவிடுகிறது, ஒரு ஓட்டையும் தனியாக மாட்டிக்கொள்வதில்லை. எழுத்தை ரீப்பர் மறைக்காதபடி நடுவில் ஒன்றரை அங்குலம் காலி விட்டு டிசைன் பண்ணச் சொல்லுங்கள், அல்லது ரீப்பருக்குப் போர்டின் கலரையே அடித்துவிடுங்கள்.

விழா முடிந்த மறுநாளே இருபதையும் எண்ணி எடுத்துவிடுங்கள். ஸ்க்ரூவைக் கழற்றினால் போர்டு முழுசாக வரும், பின்பக்கம் அடுத்த விழாவுக்கு எழுதலாம்.

கேள்வி: மாலையில் தள்ளுவண்டியில் இட்லி, தோசை போடுகிறோம். விலைப்பட்டியல் போர்டைத் தினமும் மாட்டிக் கழற்ற வேண்டியிருக்கிறது, இரண்டு மாதத்தில் ஓட்டை பெரிதாகிப் போர்டே போய்விட்டது.
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: தினமும் கழற்றுகிற போர்டில் தேய்மானம் போர்டின்மேல் விழவே கூடாது, மாட்டுகிற பொருளின்மேல் விழட்டும். மேல் விளிம்பில் இரண்டு பக்கமும் ரீப்பர் வைத்து நடுவில் போர்டைக் கடிக்கவிட்டு ஸ்க்ரூ அடித்து, அந்த மரத்தில் இரண்டு வளைய ஸ்க்ரூவை முறுக்கிவிடுங்கள். வண்டிக் கூரைச் சட்டத்தில் இரண்டு எஸ் கொக்கி நிரந்தரமாகத் தொங்கட்டும். வளையத்தைக் கொக்கியில் போட்டால் மாட்டியாயிற்று, தூக்கினால் கழன்றது. கீழ்ப்பக்கத்தைக் கட்ட வேண்டாம், ஒரு மெல்லிய ரீப்பரை மட்டும் அடியில் அடித்துக் கனம் கொடுங்கள். காற்று வந்தால் ஊஞ்சல் மாதிரி ஒதுங்கிக்கொடுத்துத் திரும்பி நிற்கும், முட்டி நிற்கிற போர்டைவிட ஒதுங்குகிற போர்டுக்கு இழுப்பு குறைவு.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அடுப்புப் பக்கம் மாட்டாதீர்கள், தோசைக்கல்லுக்கு நேர் மேலே கூடவே கூடாது. இந்தப் பிளாஸ்டிக் சூட்டில் தளர்ந்து வளையும், தீப்பிடித்தால் எரிந்துகொண்டே உருகிச் சொட்டும், அந்தச் சொட்டு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். வாடிக்கையாளர் நிற்கும் பக்கம், சிலிண்டருக்கும் அடுப்புக்கும் எதிர்முனையில் மாட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு வெந்நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுத் துணியில் துடைத்தால் போதும், தின்னர் தொட்டால் எழுத்து போய்விடும்.

கேள்வி: 8 அடி நீள போர்டை இரும்புச் சட்டத்தில் சுற்றிலும் ஸ்க்ரூ போட்டு இறுக்கினோம். காலையில் நேராக இருக்கிறது, மதியம் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது. தாள் மட்டமா?
– வாசகர், சேலம்

பதில்: தாள் மட்டமில்லை, வெயிலில் நீள்கிறது. இந்தப் பிளாஸ்டிக் 10 டிகிரி சூடு ஏறினால் மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. வரை நீளும். காலையில் 25 டிகிரியில் இருந்த போர்டு, அதுவும் கறுப்போ கருநீலமோ அடித்த போர்டு, உச்சிவெயிலில் 60 டிகிரியைத் தொட்டால் 8 அடிக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீண்டுவிடும். இரும்பு அவ்வளவு நீளாது. சுற்றிலும் இறுக்கிப் பிடித்திருந்தால் போர்டு எங்கே போகும், வயிறு தள்ளத்தான் செய்யும். நடுவில் ஒரு ஸ்க்ரூவை மட்டும் இறுக்கமாக விட்டுவிட்டு, மற்ற ஓட்டைகளையெல்லாம் ஸ்க்ரூவின் கனத்தைவிட ஒரு சென்டிமீட்டர் பெரிதாக, நீளவாக்கில் அகட்டி, அகலமான வாஷரும் ரப்பரும் வைத்து லேசாக மட்டும் இறுக்குங்கள். போர்டு வாஷருக்கு அடியில் நகர இடம் கிடைக்கும். முழு வெயிலில் மாட்டாமல் காலையிலோ மாலையிலோ மாட்டுவது இன்னும் நல்லது.

கேள்வி: காற்று போவதற்காகப் போர்டில் அரைநிலா மாதிரி வெட்டிவிட்டால் தாங்கும் என்கிறார்களே? அப்புறம், போர்டுக்குள் எறும்பு குடியேறிவிட்டது, என்ன செய்ய?
– வாசகர், தென்காசி

பதில்: அரைநிலா வேண்டாம். நாலைந்து வெட்டில் போர்டின் பரப்பு எவ்வளவு குறையப்போகிறது, கொஞ்சம்தான். காற்றின் அழுத்தமும் அந்தக் கொஞ்சம்தான் குறையும். ஆனால் ஒவ்வொரு வெட்டின் நுனியும் கிழிசலுக்கு ஒரு வாசல், தென்காசிக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த உழைப்பில் இன்னும் நாலு இடத்தில் கட்டுங்கள். புயல், சூறைக்காற்று என்று வானிலை அறிவிப்பு வந்தால் டேக்கை வெட்டிப் போர்டை உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

எறும்புக்கு: வரி நெட்டுக்குத்தாக ஓடும் போர்டில் மேல்வாயை மட்டும் நல்ல டேப்பால் மடித்து மூடுங்கள், கீழ்வாயைத் திறந்தே விடுங்கள். இரண்டையும் மூடினால் உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பச்சைப் பாசி பிடித்து எழுத்துக்குப் பின்னால் வரிவரியாகத் தெரியும். இப்போது உள்ளே இருக்கும் எறும்பை விரட்ட, போர்டைக் கழற்றிச் சாய்த்துப் பிடித்துக் குழாய்த் தண்ணீரை மேல்வாயில் பீய்ச்சி அடியுங்கள், மண்ணும் முட்டையும் சேர்ந்து வந்துவிடும். நிழலில் காயவைத்துவிட்டு டேப்பை ஒட்டுங்கள், ஈரத்தோடு ஒட்டினால் அதுவும் நிற்காது.